ஆற்றின் விலாசம்

மெத்தைக்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கரையில் ஓட்டை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொல்லாமல் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அவர் வீட்டுக்குப் பின்னால் இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் ஒரு கரை இருந்திருக்கும்.

ஆற்றங்கரைத் தெருவில் அவருடையது கடைசிக்கு முந்தின வீடு, கதவு எண் பதினேழு. முன்னால் கடை, பஞ்சு அடிக்கும் இயந்திரமும், கோடு போட்ட மெத்தைத் துணிச் சுருள்களும், சுவரோரம் நிமிர்த்தி வைத்த மெத்தைகளுமாக நடக்க இடமிருக்காது. கடைக்குப் பின்னால் சமையலறை. அதற்கும் பின்னால் மாமியாரின் அறை. அந்த அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே கரை. கரை என்றால் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்த நீளமான மேடு. அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் தெரு. இரண்டையும் பிரித்து வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

மாமியாருக்கு இடுப்பு எலும்பு உடைந்து தகடு வைத்திருந்தது. சமதரையில் ஊன்றுகோலைப் பிடித்து நாலு எட்டு வைப்பார். படி ஏற முடியாது. மாடிக்குப் போவதற்கோ வீட்டுக்கு வெளியே சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி ஒன்றுதான் உண்டு. பஞ்சு மூட்டையோடு ஏறுகிறவர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துத்தான் போக வேண்டும். ஆகவே அந்த அம்மாளின் உலகம் கீழறை ஜன்னல்தான். கரையைப் பார்ப்பார். கரையில் மேயும் ஆடுகளைத் திட்டுவார். ஆடுகள் போன பிறகு மருமகனைத் திட்டுவார்.

ஓட்டையை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

"மாப்ள, கரை அழுவுது. போன மழைக்கு ஒரு கண்ணுல அழுதுச்சு. இப்போ ரெண்டு கண்ணுலயும் அழுவுது. யார்கிட்டயாவது சொல்லுங்க."

மெத்தைக்காரர் போய்ப் பார்த்தார். அடியில் மண் அரித்துப்போய், ஒரு வாளியை உள்ளே வைக்கலாம் போல் பொந்து. மேலே புல் ஒன்றும் தெரியாதது மாதிரி பச்சையாக இருந்தது. வெள்ளம் வந்தால் அவரும் மனைவியும் மாடிக்கு ஓடிவிடலாம். மாமியாரை என்ன செய்வது? இந்த ஒரு கேள்விதான் அவரை எதிர்க்கரைக்கு அனுப்பியது.

வெள்ளப் பரப்பு வரைபட அலுவலகம் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில், ஆற்றைப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்று மாடி. ஆற்றுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்கத் திரை. வெளிச்சம் பட்டால் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடங்களில் ஆறு வெளுத்துப் போகிறதாம். அதனால் திரையை நிரந்தரமாக இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே ஆறுகள் எல்லாம் நல்ல நீலமாக இருந்தன.

"கரையில ஓட்டை விழுந்திருக்கு சார்" என்றார் மெத்தைக்காரர், தரைத்தளத்தில் குறை கேட்பதற்கென்று உட்கார்ந்திருந்த அதிகாரியிடம்.

அதிகாரி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "வரைபடத்துல ஓட்டை எதுவும் இல்லையே."

"வரைபடத்துல இல்ல சார். கரையில."

"அதான் சார் சொல்றேன். நாங்க கரையைப் பார்த்துத்தானே வரைபடம் போட்டிருக்கோம்? அதுல இல்லன்னா எப்படி இருக்கும்?"

"எப்பப் பார்த்தீங்க?"

அதிகாரி இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நல்ல மனிதர். ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மெத்தைக்காரர் பல தடவை பாலத்தைத் தாண்டிய பிறகு உண்மையாகவே ஆள் வந்தார்.

வந்தவர் சர்வேயர். மூன்று கால் கருவியை நிறுத்தி உயரம் பார்த்தார். இரும்புக் கம்பியால் கரையைக் குத்திப் பார்த்தார். கம்பி எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே போனது.

"மெதுவா குத்து தம்பி" என்றார் மாமியார் ஜன்னலிலிருந்து. "அந்தப் பக்கம் வந்துடப் போகுது."

சர்வேயர் கம்பியை உருவித் துடைத்துவிட்டு, "உயரம் பத்தாது. மண்ணுல பிடிப்பு இல்ல. அடியில அரிச்சிருக்கு. இது தரமில்லாத கரைங்க" என்றார். ஊரில் ஓர் அதிகாரியாவது கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்னாரே என்று மெத்தைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் டீ கொடுத்தார். பிஸ்கட்டும் கொடுத்தார். பிற்பாடு அந்த பிஸ்கட்டை நினைத்து அவர் பட்ட வேதனை கொஞ்சமில்லை.

தரமில்லாத கரை என்று எழுத்தில் வந்துவிட்டது; இனி மண் வண்டி வரும், இயந்திரம் வரும் என்று அவர் காத்திருந்தார். புதிய வரைபடம் வந்தது. தபால்காரர் நீளமான குழாய் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அதைத் துணி வெட்டும் மேசைமேல் விரித்து நாலு மூலையிலும் கத்தரிக்கோல், இன்ச் டேப்பு என்று கையில் கிடைத்ததை வைத்தாள்.

"என்னங்க, நம்ம தெரு எங்க?"

தெரு இருந்த இடத்தில் நீலம் இருந்தது. ஆற்றில் ஆரம்பித்த நீலம் கரை இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழிந்து, தெருவை மூடி, அந்தப் பக்கம் இருக்கும் மரக்கடைவரைக்கும் போயிருந்தது. கரையைக் காணோம். ஓட்டையைக் காணவில்லை என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. கரையே இல்லை.

மறுபடியும் பாலம். இந்தத் தடவை முதல் மாடி, கரை பராமரிப்புப் பிரிவு. அங்கே இருந்த இளம் பொறியாளரின் மேசை, ஒரு பேனா, ஒரு ஸ்கேல், ஒரு தண்ணீர்ப் புட்டி தவிர வேறொன்றும் இல்லாமல் துப்புரவாக இருந்தது.

"சார், சர்வேயர் வந்து பார்த்துட்டுத் தரமில்லன்னு சொல்லிட்டார். எப்ப சரிபண்ண வருவீங்க?"

"எதை?"

"கரையை."

பொறியாளர் புதிய வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். "அங்க கரை எதுவும் இல்லையே."

"சார், எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா மூஞ்சிக்கு நேரா நிக்குது."

"நிக்கலாம். ஆனா தரமில்லாத கரையை நாங்க கரையா காட்டக்கூடாது. அது விதி. காட்டினா ஜனங்க நம்பிடுவாங்க. நம்பி வீடு கட்டிடுவாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அதனால தரமில்லாத கரை இல்லாத கரைன்னு எடுத்துக்கணும்."

இதுவரைக்கும் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தைக்காரரே தலையாட்டினார். மக்கள் விஷயத்தில் இவ்வளவு அக்கறையாக யோசிக்கிறவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"ரொம்ப சரி சார். தரமில்லல்ல? அப்ப அதைத் தரமாக்குங்க."

"எதை?"

"அந்தக் கரையை."

"அதான் இல்லையே சார். இருக்கிற கரையைத்தான் பராமரிக்க முடியும். எங்க பிரிவோட பேரே கரை பராமரிப்பு. இல்லாத கரைக்கு நான் மண்ணு வாங்கினா என்னை உள்ள தூக்கி வச்சிடுவாங்க."

"அப்ப புதுசா கட்டுங்க."

"புதுக் கரை கட்டுறது இரண்டாவது மாடி. ஆனா அவங்க வந்து இடத்தைப் பார்ப்பாங்க. பார்த்தா அங்க ஏற்கெனவே ஒரு கரை இருக்கும். இருக்கிற இடத்துல எப்படிப் புதுசா கட்டுவாங்க?"

மெத்தைக்காரர் பொறியாளரின் முகத்தையே பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம். இல்லை, அந்த முகத்தில் கேலியே இல்லை. இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னொரு விஷயம் சார்" என்றார் பொறியாளர், ஸ்கேலை வரைபடத்தின்மேல் வைத்து. "பதினேழாம் நம்பர் உங்களோடதா? ஓட்டை நேரா உங்க வீட்டைப் பார்த்து இருக்கறதால தண்ணியோட முக்கியமான போக்கு உங்க வீட்டு வழியாத்தான் வருது. கணக்குப்படி பதினேழாம் நம்பர்ங்கறது ஆறு. ஆத்துக்குள்ள எப்படி வீடு கட்டினீங்கன்னு விளக்கம் கேட்டு வரும். கோவிச்சுக்காம பதில் எழுதிடுங்க."

"நான் ஆத்துக்குள்ள கட்டலைங்க. வீடு அங்கேயேதான் இருக்கு. ஆறுதான் இப்ப வந்திருக்கு, உங்க பேப்பர்ல."

"அதையே எழுதுங்க" என்றார் பொறியாளர் அன்பாக.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "ஓட்டையைக் காட்டுடான்னா கரையையே தொலைச்சுட்டு வந்திருக்கீங்க. நீங்க பேசாம மெத்தையே தைங்க மாப்ள."

அடுத்த மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அலுவலகத்தின் பெரிய கூடம். ஆற்றங்கரைத் தெருக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எதற்கு என்று மெத்தைக்காரருக்கு அப்போது விளங்கவில்லை. இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், மைக் தேவைப்படாத மனிதர். இருந்தாலும் மைக்கை விடவில்லை.

"நண்பர்களே, வரைபடம் என்பது காகிதம் அல்ல, பொறுப்பு! இத்தனை காலமாக நாம் எதிர்க்கரையில் ஒரு கரை இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கரை இருந்ததால் வெள்ளம் எங்கே போனது? கணக்குப்படி இந்தப் பக்கம்! இந்தக் கட்டடத்தின் தரைத்தளமே வெள்ளப் பரப்புக்குள் இருந்தது என்பதை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஆற்றங்கரைத் தெரு பெருந்தன்மையோடு இடம் கொடுத்திருக்கிறது. தண்ணீர் அங்கே பரவிக்கொள்கிறது. பரவுவதால் உயரம் குறைகிறது. நம்முடைய அலுவலகம் வெள்ளப் பரப்பிலிருந்து முழுமையாக வெளியே வந்துவிட்டது. ஒரு கைப்பிடி மண்கூட அள்ளாமல், ஒரு செங்கல்கூட வைக்காமல் இதைச் சாதித்திருக்கிறோம்!"

பின்வரிசைகளில் அலுவலக ஊழியர்கள் கை தட்டினார்கள்.

மெத்தைக்காரரின் மனைவி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். "சார், எங்க அம்மாவால படி ஏற முடியாது. மழை வரப்போகுது. ஓட்டையை யார் அடைப்பாங்க?"

"அருமையான கேள்வி" என்றார் இயக்குநர். "அம்மா பயப்பட வேண்டாம். புதிய வரைபடத்தில் உங்கள் தெருவில் தண்ணீரின் உயரம் வெறும் கணுக்கால் அளவு. கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு யாராவது படி ஏறுவார்களா?"

மறுபடியும் கைதட்டல். ஓட்டையை யார் அடைப்பார்கள் என்று அவள் இன்னொரு தடவை கேட்பதற்குள் மெத்தைக்காரரை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். தெருவின் பெருந்தன்மைக்காக நினைவுப் பரிசு. கண்ணாடிச் சட்டம் போட்ட புதிய வரைபடம். அவர் வீடு இருந்த இடத்தில் நீலம் கொஞ்சம் அடர்த்தியாகவே இருந்தது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். இருபத்தைந்து வருடமாக வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துப் பழகிய முகம் பாருங்கள், பாழாய்ப்போனது, சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக அவர் வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவரும் மெத்தைக்காரரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். மெத்தைத் துணியை வெட்டி மனைவி பெரிய பெரிய பைகளாகத் தைத்தாள். டிரைவர் மண்ணை நிரப்பினார். மெத்தைக்காரர் நீள ஊசியால் வாயைத் தைத்து, மெத்தைக்குப் போடுவது போலவே இடையிடையே முடிச்சும் போட்டு இறுக்கினார். ஓட்டையை அடைத்து, சரிந்த இடத்தை நிரப்பி, மேலேயும் அடுக்கி, ஏறி மிதித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கரை, ஒரு வீட்டு அகலத்துக்கு. மாமியார் ஜன்னலிலிருந்து நெடுநேரம் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்த்தார். கடைசியில், "கண்ணீர் நின்னுபோச்சு மாப்ள" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயிலிருந்து மெத்தைக்காரருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

சர்வேயர் மறுபடியும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கருவியை நிறுத்தினார், உயரம் பார்த்தார், கம்பியால் குத்தினார். கம்பி இறங்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினார். கம்பி வளைந்தது. அவர் முகம் செத்துப்போனது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏன், சரியில்லையா?"

"தரமா இருக்குங்க! இதான் பிரச்சினை. தரமில்லாததை எப்படிக் காட்டக்கூடாதோ, அதே மாதிரி தரமா இருக்கறதைக் காட்டாம விடவும் கூடாது. இப்ப நான் இதை வரையணும். ஆத்துக்கு நடுவுல இத்தனூண்டு ஒரு கோடு. ஐயோ, கணக்கெல்லாம் என்ன ஆகப்போகுதோ!"

கணக்கு என்ன ஆனது என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்தச் சின்னக் கோட்டை வரைந்ததும் முக்கியமான போக்கு அடைபட்டு, தெருவுக்குள் வர வேண்டிய நீலம் பின்வாங்கி, எதிர்க்கரையில் ஏறி, அலுவலகத்தின் தரைத்தளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. வரைபடத்தில்தான். ஆனாலும் கட்டடம் அல்லோலகல்லோலப்பட்டது என்று சொன்னார்கள். தரைத்தளக் கோப்புகளை எல்லாம் ஒரே நாளில் மாடிக்கு ஏற்றினார்களாம். குறை கேட்கும் அதிகாரியையும் நாற்காலியோடு ஏற்றினார்களாம்.

மறுநாள் காலை ஆற்றங்கரைத் தெருவுக்குள் ஒரு மஞ்சள் இயந்திரம் வந்தது. மண் அள்ளுகிற பெரிய கை வைத்தது. இத்தனை நாள் அலையாய் அலைந்தும் வராத இயந்திரம். மெத்தைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். வழி விடுவதற்காகத் தன் சைக்கிளைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். இயந்திரத்துக்குப் பின்னால் இளம் பொறியாளர் நடந்து வந்தார்.

"வாங்க சார், வாங்க! மீதிக் கரையையும் இதே மாதிரி பண்ணிடலாம். துணி நான் தர்றேன்" என்றார் மெத்தைக்காரர்.

"இல்ல சார். இதை எடுக்க வந்திருக்கோம். அடைச்சவர்னு உங்க பேர் போட்ட நோட்டீஸ், இந்தாங்க."

இயந்திரத்தின் கை அதற்குள் முதல் பையைக் கவ்வியிருந்தது. முடிச்சுகள் லேசில் விடவில்லை. துணி கிழிகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"இல்லாத கரைக்கு வர முடியாதுன்னு சொன்னீங்களே! இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?" மெத்தைக்காரர் கத்தினார். அவர் இதற்கு முன்னால் அதிகாரி யாரிடமும் கத்தியதில்லை.

"இது கரை வேலை இல்ல சார். ஆத்துல அடைப்பு எடுக்குற வேலை. அது வேற பிரிவு. அந்தப் பிரிவுக்கும் நான்தான்."

"சார், உள்ள நடக்க முடியாத மனுஷி இருக்காங்க. வந்து பாருங்க. ஒரு தடவை வந்து பார்த்துட்டு அப்புறம் எடுங்க."

பொறியாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாமியாரும் அவரைப் பார்த்தார். பொறியாளர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "கணுக்கால் அளவுதான்மா வரும்" என்றார். இயந்திரம் அடைத்ததை எடுத்ததோடு நிற்கவில்லை. பை எது, பழைய மண் எது என்று அதற்குத் தெரியாது. வாளி வைக்கும் அளவுக்கு இருந்த பொந்து ஒரு வாசல் அளவுக்கு ஆனது.

மழை தன் நேரத்துக்கு வந்தது. அதற்கு எந்தப் பிரிவின் அனுமதியும் தேவைப்படவில்லை. ஒரு நாள் காலை, சமையலறையில் மனைவி அடுப்பைப் பற்றவைக்கும்போது, பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது. அடுத்து "மாப்ள!" என்று ஒரு குரல். மெத்தைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் தண்ணீரில் மிதந்து கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவு இருந்தது, உண்மைதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு வந்தது.

அவர் மீட்புத் துறைக்குப் போன் போட்டார்.

"ஆற்றங்கரைத் தெரு பதினேழாம் நம்பர்ங்க. வீட்டுக்குள்ள ஆறு வந்துடுச்சு. நடக்க முடியாத ஒருத்தர் இருக்காங்க. படகு அனுப்புங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்றது ஒரு பெண் குரல். காகிதம் புரளும் சத்தம். "சார், உங்க தெருவுல கரை இருக்கு. அங்க தண்ணி வராது."

"எந்த மேப்பைப் பார்க்கறீங்க? புது மேப்பைப் பாருங்கம்மா! புதுசுல கரை கிடையாது, நாங்கதான் ஆறே!"

"புதுசு இன்னும் எங்களுக்கு வரல சார். அதுக்கு ஆட்சேபணைக் காலம் முடியல. அதுவரைக்கும் பழைய வரைபடம்தான் செல்லும். பழையதுல உங்க கரை ரொம்ப நல்லா இருக்கு சார், தைரியமா இருங்க."

சரிசெய்ய வேண்டிய இடத்தில் கரை இல்லை. காப்பாற்ற வேண்டிய இடத்தில் கரை இருக்கிறது. போனை அவர் தண்ணீரில் வீசினார். வீசியிருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் வீசினார்.

மாமியாரை மெத்தையோடு தூக்கலாம் என்று, சத்தம் கேட்டு ஓடிவந்த டிரைவர் சொன்னார். இரும்புப் படியின் முதல் வளைவிலேயே மெத்தை நுழையாது என்பது மெத்தைக்காரருக்குத் தெரியும். அவர் கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"அத்தை, ஏறுங்க."

"சீ, என்ன மாப்ள இது! மாப்பிள்ளை முதுகுல ஏறுறதாவது! ஊர் சிரிக்கும்."

"ஊர் மாடியில நிக்குது அத்தை. சிரிக்கட்டும். ஏறுங்க."

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கேயே இருக்கேன். எனக்கு என்ன, வயசாச்சு."

தண்ணீர் கட்டிலின் மேல் வந்து அந்த அம்மாளின் சேலையைத் தொட்டது. அவர் சின்னப் பெண் போல மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மெத்தைக்காரருக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. எத்தனை தடவை பாலத்தைத் தாண்டினோம், எத்தனை பேரைச் சார் சார் என்று கூப்பிட்டோம் என்ற ஆத்திரம். அவர் பதில் பேசாமல் மாமியாரை முதுகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி மெத்தைத் துணியால் இருவரையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். டிரைவர் பின்னாலிருந்து தாங்க, ஒருக்களித்து, படி படியாக, வளைவு வளைவாக ஏறினார். இடுப்பில் வலி தாங்காமல் மாமியார் வழி நெடுக அவர் தோளைக் கடித்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

மாடியில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது, கடைக் கதவு திறந்துகொண்டு மெத்தைகள் ஒவ்வொன்றாக வெளியே மிதந்து போய்க்கொண்டிருந்தன. கீழே நெஞ்சளவு இருந்தது தண்ணீர்.

ஆறு வடியும்போது வந்த வழியாகவே திரும்பிப் போனது. போகும்போது தெருவில் கிடந்ததை எல்லாம் கரையின் உடைப்பை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. மெத்தைகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. பின்னால் வந்த சேறு அவற்றின்மேல் படிந்து, வெயிலில் காய்ந்து, இறுகிப்போனது. மாமியார் மாடியிலேயே இருந்தார். ஏற்றியது போல இறக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு மாடி ஜன்னல் கிடைத்தது. அதிலிருந்து பார்த்தால் கரைக்கு அந்தப் பக்கம் ஆறும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரை போட்ட அலுவலகமும் தெரிந்தன.

சேறு காய்ந்ததும் அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். இயக்குநரின் முகத்தில் பரீட்சையில் பாஸ் பண்ணின சந்தோஷம்.

"பார்த்தீர்களா! நாங்கள் எங்கே காட்டினோமோ அங்கேதான் வந்திருக்கிறது. ஒரு வீடு தப்பவில்லை. எதிர்க்கரையில் ஒரு சொட்டு இல்லை. இவ்வளவு துல்லியமான வரைபடம் இந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே கிடையாது."

"கணுக்கால்னு சொன்னீங்க" என்றார் மெத்தைக்காரர். சுவரில் தண்ணீர் நின்ற கறை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"அது சராசரி. மரக்கடைக்கு அப்பால் காய்ந்த இடத்தையும் சேர்த்துப் பாருங்கள், கணுக்கால்தான் வரும்."

அந்த நேரம் பார்த்துக் கரைப் பக்கம் போன சர்வேயர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். கையில் வளைந்த கம்பி.

"சார், அங்க மறுபடியும் அடைச்சிருக்கு. குத்திப் பார்த்தேன். தரமா இருக்கு சார்."

எல்லோரும் மெத்தைக்காரரைப் பார்த்தார்கள்.

"நான் தொடல" என்றார் அவர். "மெத்தை என்னோடது. அடைச்சது நானில்ல. ஆறு."

இயக்குநர் காருக்குப் போய்விட்டார். இளம் பொறியாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டீஸ் தாளை முழங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அடைத்தவர் பெயர் எழுதாமல் நோட்டீஸ் கொடுக்க முடியாது. கொடுக்காமல் அடைப்பை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் அலுவலகத்தின் தரைத்தளத்தில் நீலம் ஏறும். அவர் நேர்மையான மனிதர். செய்யாதவர் பெயரை எழுத மனம் வரவில்லை. 'ஆறு' என்று எழுதினார். விலாசம் என்ற இடத்துக்கு வந்ததும் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, தயங்காமல், 'ஆற்றங்கரைத் தெரு, கதவு எண் பதினேழு' என்று எழுதி நீட்டினார்.

"ஆறு சார்பா நீங்க வாங்கிக்கோங்க சார். இந்த அடைப்பை ஆறே எடுத்துடணும். இல்லன்னா மெஷின் வரும்."

மெத்தைக்காரர் தாளை வாங்கிக்கொண்டு நின்றார். சிரிப்பதா, அந்தத் தாளை அவர் வாயில் திணிப்பதா என்று தெரியவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. "தம்பி!"

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல ஆட்சேபணைன்னு ஒண்ணு இருக்குமே? ஆத்துக்கு ஆட்சேபணை இருந்தா என்ன பண்ணணும்?"

பொறியாளர் தாளின் பின்பக்கத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். "எழுத்துல ஏத்துக்க மாட்டோம்மா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும். எங்க ஆபீஸ், தரைத்தளம்."

"வரும்" என்றார் மாமியார்.

பொறியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.